ஷோபாவுக்கு நகர்ந்த மலை

ஷோபா போட்டோவில் நேராக நின்றதாக வரலாறு இல்லை. அவள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை குணா கேமராவை முறைத்துக்கொண்டு நிற்பான். பக்கத்தில் ஷோபா முகத்தை வலப்பக்கம் லேசாகத் திருப்பி, யாரோ கூப்பிட்டது காதில் விழுந்த மாதிரி நிற்பாள். "நேரா பாரும்மா, நேரா பாரும்மா" என்று சொல்லியே அந்த போட்டோக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேராகத்தான் பார்க்கிறேன் என்று இவளும் கடைசிவரை சாதித்தாள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்று தெரியவர அவளுக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

ஆந்திரா எல்லையில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே ரோட்டோர ஊர் அவளுடையது. தினமும் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீசிட்டிக்குப் போவாள். மிக்ஸி, கிரைண்டர் செய்கிற கம்பெனி. அதன் குடோனில் ஷோபா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். முன்னால் இரண்டு நீளமான இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி அது. சரக்கு அடுக்கிய பலகைக்குப் பேலட் என்று பெயர். பேலட்டின் அடியில் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் அந்தக் கைகளைச் சரியாக நுழைத்து, தூக்கி, உயரத்தில் இருக்கும் தட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அட்டைப்பெட்டி கிழியும், இல்லை பெட்டியே தலைகீழாக விழும்.

பேக்கிங் லைனில் வருஷக்கணக்காக டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் ஷோபா. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் கை தூக்கியபோது குடோனே சிரித்தது. பெரிய வண்டி ஓட்டுகிற ஆம்பிளைகள் இரண்டு பேர் அவளால் முடியாது என்று பந்தயமே கட்டினார்கள். பந்தயம் கட்டினவர்கள் தோற்றார்கள். "லாரிக்காரன் பொண்ணு, அதான்" என்று அப்புறம் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவள் அப்பா நாகபூஷணம் சென்னைக்கும் பெங்களூருக்கும் மாங்காய் லோடு அடித்த மனுஷன்.

அந்த நாகபூஷணத்துக்கு இப்போது இடது கண்ணில் பார்வை அடியோடு கிடையாது. கண்ணில் பிரஷர் ஏறிப் போய்விட்டது. வலது கண்ணை ராத்திரி விடுகிற சொட்டு மருந்துதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. நோய் தொடங்கியபோது வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. லாரியின் இடதுபக்கக் கண்ணாடியைப் போகிற வருகிற மரத்தில் எல்லாம் இடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஷோபாவுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "எல்லாம் தெரியுதும்மா. ஆனா இருக்கிற எடத்துல தெரியல." ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. இது பரம்பரையாக வரக்கூடியது, பிள்ளைகள் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஷோபா தலையைத் தலையை ஆட்டினாள். ஒரு வருஷமும் போகவில்லை. பயம்தான், வேறென்ன! பார்த்தால்தானே இருக்கிறது என்று தெரியும் என்கிற பைத்தியக்கார தைரியம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை மலை நகர்ந்தது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த மனோரமா ஷோபாவின் ஊரிலேயே வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அக்கா, நகரி மூக்குன்னு சொல்றாங்களே, அது எந்த மலை?" என்று கேட்டாள். மல்லாந்து படுத்த ஆளின் மூக்கு மாதிரி வானத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் அந்தப் பாறையை அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டாளே என்று ஷோபா வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை அந்த மலை மூக்கின் நுனிக்கு நேரே பிடித்துக் காட்டினாள். "அதோ பார், என் விரலுக்கு நேரா."

அந்த நேரம் பார்த்து ஒரு டிப்பர் லாரி மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. ஷோபாவின் இடது கண்ணில் தூசி விழுந்தது. நீட்டிய கையை மடக்காமலே அந்தக் கண்ணை மூடினாள். விரல் வெறும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மூக்கு வலப்பக்கம் தள்ளி நின்றது.

இடது கண்ணைத் திறந்தாள். மலை பழைய இடத்துக்கு வந்து விரலில் உட்கார்ந்தது. வலது கண்ணை மூடினாள். அசையவில்லை. மறுபடி இடதை மூடினாள். நகர்ந்தது. மலை இருக்கிற இடத்தில்தான் இருக்கும். கெட்டுப்போனது தன் வலது கண். எல்லாம் தெரிகிறது, ஆனால் இருக்கிற இடத்தில் தெரியவில்லை.

"இன்னாக்கா, கண்ணுல தூசியா?" என்றாள் மனோரமா.

"ஆமாம்" என்றாள் ஷோபா. அன்றைக்கு அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அப்போதே மனோரமாவிடம் "நீயும் விரலை நீட்டிப் பாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை பஸ் ஸ்டாப்பிலேயே முடிந்திருக்கும். சொன்னாளா? பயம் வந்தவள் வாயைத் திறப்பாளா? செல்போனிடம் கேட்டாள். அது இருக்கிற நோயை எல்லாம் பட்டியல் போட்டு, கூடவே கண் சொட்டு மருந்து விளம்பரமும் காட்டியது. அதைவிட மோசம், வைத்தியத்தையும் தானே தொடங்கிவிட்டாள். வீட்டில் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. திருச்சானூரில் லாட்ஜ் வேலை பார்த்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் குணா தட்டைப் பார்த்து நொந்துபோனான். "மாடு கூட நடுவுல வைக்கோல் துன்னுது, ஷோபா. எனக்கு வேற ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டான். அவனிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்வதைப் பற்றி நினைக்கவே முடியவில்லை. என்னால்தான் என் பெண்ணுக்கும் வந்தது என்று அவர் இடிந்து உட்கார்ந்துவிடுவார். அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கிற ஒரு கண்ணால் அதையும் பார்க்க வேண்டுமா?

கீரையோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வலது கண்ணுக்கு வேலை கொடுத்தால் பழகித் தேறிவிடும் என்று யாரோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. குடோனில் வண்டி ஓட்டும்போது இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் ஓட்டிப் பழகத் தொடங்கினாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறபோதே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எது கிட்ட, எது எட்ட என்று எவளுக்குத் தெரியும்? அவளை அந்த நேரத்தில் நான் பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பேன். முகத்தை வலப்பக்கம் திருப்பி ஓட்டுவதுதான் அவளுக்குச் சுபாவம். அதையும் நோய் என்று முடிவு கட்டி, கழுத்தை விறைப்பாக நேரே வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் நடக்க வேண்டியது நடந்தது. இரும்புக் கை ஓட்டைக்குள் போகாமல் மேலே ஏறி அட்டைப்பெட்டிகளைக் குத்திக் கிழித்தது. மிக்ஸி ஜார்கள் சிமெண்ட் தரையில் உருண்டு ஓடின. சூப்பர்வைசர் ஹரிபிரசாத் ஓடி வந்தார். ஸ்ரீகாளஹஸ்தி ஆள், தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். "ஏமாயிந்தி, என்ன ஆச்சு ஷோபா? உடம்பு சரியில்லையா? நீ பெட்டியைக் கிழிச்சு நான் பார்த்ததே இல்லையே!" அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அடுத்த வாரம் மெடிக்கல் செக்கப் இருக்கு. கண்ணை நல்லா காட்டிக்கோ. கண்ணு ஃபெயிலானவங்களுக்கு வண்டி கிடையாது, தெரியும்ல?"

தெரியும். அதுதானே ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கண் போகிறது என்கிற பயம் ஒரு பக்கம். மறுபடி பேக்கிங் லைனில் போய் டேப் ஒட்ட வேண்டும், பந்தயம் கட்டினவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்கிற அவமானம் இன்னொரு பக்கம்.

அந்தக் கம்பெனியில் பெண்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. பஸ் லேட், கேன்டீனில் இன்றைக்கு எலுமிச்சைச் சாதம், எந்த சூப்பர்வைசருக்குக் கோபம் என்று எல்லாம் அதில் வந்துவிடும். மெடிக்கல் செக்கப் வந்தால் முதல் நாள் போகிறவர்கள் கண் சார்ட்டில் இருக்கிற எழுத்துகளை வரிசை பிசகாமல் அதில் போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் நடக்கிறது. ஏமாற்று வேலை என்று யாரும் நினைப்பதில்லை. கேன்டீன் சாப்பாடு மாதிரி அதுவும் ஒரு தகவல், அவ்வளவுதான். ஷோபா மறுநாள் போக வேண்டியவள். பஸ்ஸில் முழுக்க அந்த எழுத்துகளை உருப்போட்டாள். பத்தாவது பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் படித்தது கிடையாது.

திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து சபீனா என்கிற பெண் வந்து மீட்டிங் ஹாலில் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அம்மா வழி வேலூர் என்பதால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "இடது கண்ணை மூடிக்கினு, வலது கண்ணால படிங்கக்கா" என்றாள்.

ஷோபா உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினாள். உள்ளுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தும் பார்க்காமலும், மூச்சு விடாமல் கடைசி வரி வரைக்கும் இங்கிலீஷ் எழுத்துகளை ஒப்பித்து முடித்தாள்.

பிறகு வரிசையில் நின்ற மனோரமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சபீனா மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க சொன்னது நேத்து இருந்த சார்ட். இன்னிக்கி தெலுங்கு எழுத்து மாட்டியிருக்கேன். ஒருதரம் நெஜமாவே பாருங்க."

ஷோபாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. வேறு வழி இல்லாமல் நிமிர்ந்து பார்த்தாள். அவள் படித்தது தமிழ் மீடியம். தெலுங்கு எழுத்து பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டே இறங்கினாள். கடைசி வரியும் வந்துவிட்டது. கெட்டுப்போன வலது கண் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை.

"இவ்ளோ நல்லா தெரியுது, அப்புறம் எதுக்குக்கா மனப்பாடம் பண்ணிக்கினு வந்தீங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதனால்தான் ஷோபாவுக்கு அடக்கி வைத்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. மலை நகர்ந்தது, அப்பாவின் கண், கிழிந்த பெட்டிகள், பொன்னாங்கண்ணிக் கீரை வரைக்கும் கொட்டித் தீர்த்தாள்.

சபீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க. கையை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி நடுவுல சின்னதா ஒரு பொந்து விடுங்க. ரெண்டு கண்ணும் தொறந்தே இருக்கட்டும். இப்போ அந்தப் பொந்து வழியா என் மூக்கைப் பாருங்க."

ஷோபா பார்த்தாள்.

"உங்களுக்கு என் மூக்கு தெரியுது. எனக்கு என்ன தெரியுது சொல்லுங்க? அந்தப் பொந்துல உங்க இடது கண்ணு மட்டும்தான் தெரியுது. ரெண்டு கண்ணுல ஒண்ணு முன்னால நிக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். எதையாவது குறி பார்க்கணும்னா மூளை அந்தக் கண்ணு சொல்றதைத்தான் கேக்கும். நெறைய பேருக்கு அது வலது கண்ணு. மூணு பேர்ல ஒருத்தருக்கு இடது. நீங்க விரலை நீட்டுறப்போ இடது கண்ணுக்கு நேராத்தான் நீட்டுறீங்க. அந்தக் கண்ணை மூடினா வலது கண்ணு அது இருக்கிற எடத்துலேர்ந்து பார்க்குது. மலை தள்ளித் தெரியத்தானே செய்யும்? அதுல நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்போ நான் முகத்தைத் திருப்பிக்கினு ஓட்டுறது?"

"இடது கண்ணை முன்னால கொண்டார்றீங்க. கழுத்து வலிக்காத வரைக்கும் திருப்பிக்கினே ஓட்டுங்க. ரெண்டு கண்ணும் தொறந்து இருக்கணும், அதான் முக்கியம். ஒரு கண்ணை மூடினதாலதான் பெட்டி கிழிஞ்சிது."

அடுத்த பத்து நிமிஷம் அந்த ஹாலைப் பார்த்திருக்க வேண்டும். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையில் பொந்து வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனோரமா இடது. ஹரிபிரசாத் வலது. பந்தயம் கட்டினவர்களில் ஒருவர் இடது, அது அவருக்கே பெரிய அதிர்ச்சி.

ஷோபாவுக்குப் போன உயிர் பாதி வந்தது. மீதிப் பாதியைச் சபீனா கையிலேயே வைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குக் கண்ணுல பிரஷர்னு சொல்றீங்க. நீங்க இதுவரைக்கும் ஒருதரம்கூடப் பார்க்கலையா? நகர்ற மலையைப் பார்த்துப் பயந்தீங்க. பயப்பட வேண்டியதுக்குப் பயப்படலையே! சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. பிரஷர் பார்க்கணும், நரம்பு பார்க்கணும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க." அவள் சொன்னது நியாயம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. விடியற்காலை அவள் எழுந்து வருவதற்குள் நாகபூஷணம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் செருப்போடு நின்றார்.

"நீ எதுக்கு நைனா? கூட்டமா இருக்கும்."

"நானும் வரேன்" என்றார். திருப்பதி வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு நேரே ஒரு மெஷினை வைத்து பிரஷர் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி எங்கே மின்னினாலும் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். பிறகு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் டாக்டரம்மா உள்ளே குனிந்து பார்த்தார். நாகபூஷணம் அந்த அறைக்கு வெளியே கதவை ஒட்டி நின்றார். உட்காரச் சொன்னவர்களிடம் தலையை ஆட்டினாரே தவிர உட்காரவில்லை. அந்த மெஷின்கள் ஒவ்வொன்றிலும் அவர் முகம் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் கெட்ட சேதிதான் வந்திருக்கிறது.

டாக்டரம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். "ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. பிரஷர் நார்மல், நரம்பும் சுத்தமா இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து காட்டுங்க. வண்டி ஓட்டலாம்."

"ரெண்டுமா?" என்றார் நாகபூஷணம்.

"ரெண்டும்தான்."

"வலதும் நல்லா இருக்குதா மேடம்? பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் சொல்றேன், ஐயா."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஷோபா அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். பார்வை போன அந்த இடது கண்ணுக்கு அழுவதற்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இரண்டிலிருந்தும் கொட்டியது. "உனக்கும் குடுத்துட்டேனோன்னு நெனச்சிக்கினு வந்தேன்" என்றார். "பஸ்ஸுல பூரா அதான்."

"குடுக்கல நைனா. மூஞ்சியைத் தொடை, எல்லாரும் பார்க்குறாங்க" என்றாள் ஷோபா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். நெஞ்சில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. பசி என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. மருந்து விட்ட கண்களுக்கு ரோடு முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது, எதிரே வருவது ஆட்டோவா ஆளா என்று புரியவில்லை. நாகபூஷணம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கண்ணும் நல்லா இருக்கிற மகளை ஒற்றைக் கண்ணோடு அப்பா ரோட்டைக் கடத்தி ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். பூரி வந்தது. கீரை எதுவும் வேண்டாம் என்று சர்வரிடம் ஷோபா தானாகவே சொன்னாள். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் போய்விட்டான்.

சாயங்காலம் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினபோது வெயில் தணிந்து, நகரி மூக்கு தெளிவாக நின்றுகொண்டிருந்தது. ஷோபாவின் கண்ணும் தெளிந்திருந்தது. நாகபூஷணம் நடக்காமல் அங்கேயே நின்றார்.

"எங்க, காட்டு பார்ப்போம். எப்படி நகர்ந்துச்சு?"

ஷோபா விரலை நீட்டி மூக்கின் நுனியில் வைத்தாள். இடது கண்ணை மூடினாள். "நகருது நைனா."

அவரும் விரலை நீட்டினார். இடது கண்ணை மூடினார். ஒன்றும் ஆகவில்லை. அதைத் திறந்து வலது கண்ணை மூடினார். விரலும் இல்லை, மலையும் இல்லை. மறுபடி திறந்துகொண்டார்.

"எனக்கு இது நகர்ந்து எத்தனையோ வருஷமாச்சு" என்றார். "ரெண்டு கண்ணு இருக்கறவங்களுக்குத்தாம்மா நகரும்."

ஷோபா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் எதைப் பார்த்துப் பயந்து செத்தாளோ அதைத்தான் இந்த மனுஷன் நின்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் ஒருதரம் பாரு" என்றார் நாகபூஷணம். "நகருதா?"

"நகருது நைனா. நல்லாவே நகருது."

"நகரட்டும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். ஷோபா முகத்தை வலப்பக்கம் லேசாகத் திருப்பியபடி பின்னாலேயே போனாள்.